அந்தோணி சிபாரிசு செய்த ஆள்

உங்களை யாராவது மெயிலில் ‘மதிப்பிற்குரிய பேராசிரியரே’ என்று கூப்பிட்டிருக்கிறார்களா? சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டுத் திருநெல்வேலிப் பையனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்குகிற பேராசிரியர். அவன் பக்கத்திலிருந்த உள்ளூர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இன்னா புரொஃபசர், எவனோ எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரைய நீ படிச்சிட்டு ஓகே சொல்லணுமாமே?”

“சிரிக்காத மக்கா. காலேஜ்ல ஃபைனல் இயர் புராஜெக்ட்ட ஏதோ ஒரு ஜர்னல்ல காசு கட்டிப் போடச் சொன்னாங்கல்லா? நானும் அந்தோணியும் சேந்து போட்டோம். அதுலேர்ந்து இப்படி மெயிலா வருது.”

“டெலிட் பண்ணிட்டுப் போவியா.”

“இதப் படில. ‘டாக்டர் அந்தோணி நேற்று உங்கள் பெயரைச் சிபாரிசு செய்தார்’னு போட்டுருக்கான்.”

சிரிப்பு நின்றது.

“அந்தோணின்னா... போன வருசம் பைக்ல போயி...”

“அவந்தான். சவப்பெட்டியத் தூக்குனதே நாந்தான.”

“டேய், கம்ப்யூட்டர் அனுப்பிகினு கீது மச்சி. ஒரே கட்டுரைல ரெண்டு பேர் பேரும் கீது, அத்தப் பாத்து அதுவா எழுதிக்கிச்சு. ‘விருப்பமில்லை’னு அமுக்கு.”

“அமுக்கத்தான் போனேன். கை வரல. அவன் கேட்டு நான் எதையும் மாட்டேன்னதில்ல.”

“அப்ப சரின்னு அமுக்கேன்.”

“சரின்னா, அவன் எங்க கூப்பிடுதான்னு தெரியாதுல்லா?”

பஸ் கம்பெனி வாசலில் நிற்கிறது. எல்லாரும் இறங்கியாயிற்று, அவன் மட்டும் இன்னும் சீட்டில் இருக்கிறான்.