பெயிண்ட் காயல

அங்க இல்ல, அங்க இல்ல உம் ஷலபி அக்கா, அந்தப் பலகையில பெயிண்ட் காயல, அங்கி வீணாயிரும். இப்படி நடுவுல வாங்க, இந்தச் சாக்கு மேல. ஆங், அதே இடந்தான். நல்லா சம்மணம் போட்டு உக்காருங்க. பேறு பாக்குற பெட்டிய மடியில வச்சுக்கங்க.

என் வீட்டுக்காரி நபவிய்யாவுக்கு விடிகாலையில வலி எடுத்துருச்சு. பக்கத்து வீட்டு ஹானிம் கூட இருக்கா. பனிக்குடமா? உடஞ்சிருச்சுன்னுதான் ஹானிம் கரையில வந்து நின்னு கத்துனா. நான் அப்ப படகத் தள்ளிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கலக்கா.

ஏன் நிறுத்தாமப் பேசுறேனா? இந்தத் தூபா மாசக் குளிருக்கு வாய் ஓடுனாத்தான் சூடு. சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது. குளிர் இல்ல, பயம்.

மோட்டார் படகுக்குக் காத்திருந்திருக்கலாம்னா எப்படி? அணையில தண்ணிய அடச்சதுலருந்து அது மணல் திட்டுல மாட்டிக்கிட்டு எரும மாதிரி கெடக்குது. நம்ம படகு ஒண்ணுதான் இந்தத் தண்ணியில வரும். ஆமா, இதுவும் மராமத்துலதான் இருந்துச்சு. கரையேத்தி இருவத்தாறு நாளாச்சு. பலகை இடுக்குல பஞ்சு திணிச்சு கலப்பத்து அடிச்சு முடிச்சேன், முந்தாநாள்தான் கொழுப்பு பூசுனேன். உங்க கரையில எப்படியோ, எங்க கரையில ஒரு வழக்கம் உண்டு. படகு கரையேறுனா மழத்தண்ணி வடியுறதுக்கு அடியில இருக்குற தக்கையப் புடுங்கி வீட்டுக்காரி கையில குடுத்துரணும். அவ அத ரொட்டி அடுப்பு மேல தொங்கவிடுவா. அவளா எடுத்துக் குடுக்காம படகு தண்ணியத் தொடக் கூடாது. பொண்டாட்டிக்குத் தெரியாம எவனும் ஆத்துல எறங்கிறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.

எந்திரிக்காதீங்க!

மன்னிச்சுக்கங்கக்கா, கத்திட்டேன். பாய் திருப்புறேன், கம்பு மண்டையில போட்டுரும். உக்காருங்க, உக்காருங்க. ஈரமா? அது எண்ணெய்க்கா. அடிப்பலகைக்கு ஆளி விதை எண்ணெய் பூசுனேன். சில்லுனு இருக்கும்தான், கொஞ்சம் பொறுத்துக்கங்க. உங்க உடம்பப் பத்தி ஊருல கேலி பேசுறவன் வாயில மண்ணு. கடவுள் அந்த உடம்ப அப்படியே வச்சிருக்கட்டும். நெசமாத்தான் சொல்றேன்.

ரெண்டு வருசம் முன்னாடி நடந்தது ஞாபகம் இருக்கும்ல? இதே தூபா. கலப்பத்து இறுகட்டும், இறுகாம விட்டா படகு போயிருமேன்னு நான் கரையிலயே உக்காந்திருந்தேன். மோட்டார் படகு வந்துரும், வந்துரும்னு நபவிய்யாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்க வந்து சேந்தப்ப சாயங்கால அசர் தொழுக முடிஞ்சிருச்சு. ஆம்பளப் புள்ள, மூச்சில்லாம. நீங்கதானே துணியில சுத்தி என் கையில குடுத்தீங்க. அவ ஒரு வார்த்த திட்டலக்கா. அன்னைக்கும் திட்டல, அதுக்கப்புறமும் திட்டல. அந்த வாய் எப்படிப்பட்ட வாய்னு உங்களுக்கே தெரியும். அது மூடிக்கிச்சு. எனக்கு அதுதான் பயம்.

அந்தத் தகர டப்பாவ எடுத்துக் கொஞ்சம் அள்ளி ஊத்துங்களேன். உக்காந்தபடியே, உக்காந்தபடியே. இவ்வளவு எண்ணெயான்னா, எண்ணெயும் இருக்கு, தண்ணியும் இருக்கு. பலகை ஊறுற வரைக்கும் கசியத்தானே செய்யும். அள்ளுங்க. இன்னும் வேகமா. யா ரப், என் ஆண்டவனே, இந்தக் காத்து மட்டும் நிக்காம இருக்கணும்.

அந்தா தெரியுது பாருங்க எங்க வீட்டுப் புகை. அடுப்பு எரியுது, அப்ப வெந்நி போட்டுட்டா ஹானிம். புகை வந்தா நல்லதுதானேக்கா? நல்லதுன்னு சொல்லுங்க.

தரை தட்டிருச்சு! முழங்கால் தண்ணிதான். இப்ப எந்திரிங்க, எந்திரிச்சதும் குதிச்சு ஓடுங்க, திரும்பிப் பாக்காதீங்க. இது முழுகுனா முழுகட்டும். நீங்க இவ்வளவு நேரம் உக்காந்திருந்தது தக்கை போடுற ஓட்ட மேலக்கா. சாக்குக்கு அடியில என் தலப்பாகையச் சுருட்டி வச்சிருக்கேன், உங்கள அழைக்க வர்றப்ப நான் அத மிதிச்சுக்கிட்டே வந்தேன். தக்கை இன்னும் அடுப்பு மேலதான் தொங்குது, அவசரத்துல எடுக்க மறந்துட்டேன். நீங்க திட்டாதீங்க, அதுக்கு ஆள் இருக்கு. உள்ள போனதும் நபவிய்யாகிட்ட மொதல்ல இதச் சொல்லுங்க. கேட்டான்னா என் ஏழு தலமொறையையும் இழுத்துத் திட்டுவா. கதவ மட்டும் தொறந்தே வைங்கக்கா. நான் இங்கதான் நிப்பேன். அவ திட்டுறது எனக்குக் கேக்கணும்.