வீரம்மா அதைச் செய்திருக்கமாட்டாள்

பரந்தனில் மின்சாரம் போனால் எங்கள் அச்சகத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தட்டச்சுக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளை எடுத்துவைத்து ஆறுதலாக வாசிப்பேன். குற்றம் என்றால் அங்கேதான் தொடங்கியது. விருதுக் குழுவினராகிய நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. பெரும்பாலும் கல்வெட்டுத்தான், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். எல்லாருடைய கதையும் ஒன்றுதான். பிறந்தார், படித்தார், கலியாணம் முடித்தார், இறைவனடி சேர்ந்தார். ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுவது குணம் மட்டுமே. முரசுமோட்டைத் தவராசா அண்ணருக்கு, "கோபமே அறியாதவர்" என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். "கோபம் வந்தால் சோற்றுக் கோப்பையை முற்றத்தில் எறிவார், பிறகு தானே கூட்டி அள்ளுவார்" என்று மாற்றினேன். அவர் மனைவி வாசித்துவிட்டு, "ஐயோ, இது அவரேதான்" என்று அழுதார். அதன்பிறகு ஒரு கல்வெட்டையும் நான் வந்தபடி விட்டதில்லை.

அப்படியிருக்கப் பொன்னையா சேர் வந்தார். உருத்திரபுரத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபர். ஏழு வருடம் உழைத்து ஒரு மர்ம நாவல் எழுதியிருந்தார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் துருசு என்கிற வாய்க்கால் மதகடியில் செத்துக் கிடக்கிறார். துப்புத் துலக்குபவர் ராஜரத்தினம் என்ற ஓய்வுபெற்ற அதிபர். நாவலிலாவது சேர் தனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார். கடைசியில் கொலைகாரி யாரென்றால், பாடசாலையில் தேநீர் ஊற்றும் வீரம்மா.

"சேர், வீரம்மா செய்யமாட்டா. நூற்றெண்பது பக்கமா நாய்க்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத மனுசி" என்றேன்.

"பிள்ளை, மர்மக் கதையில கதைக்கட்டுத்தான் முக்கியம். ஒருத்தரும் சந்தேகப்படாத ஆள்தான் செய்திருக்கோணும்."

"அப்ப அவவின்ர குணம்?"

"குணத்தைப் பாத்துக்கொண்டிருந்தா கொலை நடக்காது. நீங்கள் அடியுங்கோ."

அடித்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகுதான் கடைசி அத்தியாயத்தை மாற்றினேன். ராஜரத்தினத்தைக் கொலைகாரனாக்கினேன்.

அநியாயம் என்று நினைத்தால் நாலாம் அத்தியாயத்தைப் பாருங்கள். குளம் கட்டிய வருடத்தை ராஜரத்தினம் மேடையில் பிழையாகச் சொல்ல, தண்ணீர்க்காரர் எழும்பி நின்று திருத்துகிறார். அன்றிரவு ராஜரத்தினம் சாப்பிடவில்லை, மூன்று மாதம் அந்தப் பாதையால் போகவும் இல்லை. இதை எழுதியது நானல்ல, சேர்தான். தான் என்ன எழுதினோம் என்று அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவே.

கிளிநொச்சியில் வெளியீட்டு விழா. முந்நூறு பிரதிகளும் அன்று காலையில்தான் மண்டபத்தில் வந்திறங்கின. முதல்நாளே அச்சகத்துக்கு வந்து ஒரு பிரதி வாங்கிப்போயிருந்த சாரங்கா ரீச்சர் ஆய்வுரையில், "தன்னைப் போன்ற ஒருவரையே கொலைகாரனாக்கிய துணிவு" என்று புகழ்ந்தார். சேர் மேடையிலேயே கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். முகம் வெளுத்துப்போயிற்று. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி கமலாட்சி பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம், "ஓம், இவர் செய்வார்" என்றார். ஏற்புரையில் சேர், "நன்றி" என்ற ஒரு சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி ஊர் கேட்டதில்லை.

பிறகு அந்த முடிவுக்காகவே நீங்கள் விருதை அறிவித்தீர்கள். சேர் நேர்மையானவர். முடிவு தன்னுடையதல்ல, விருதும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அவருக்கென்று இருந்தது இந்த ஒரு புத்தகம்தான். பாவம், எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கடைசி அத்தியாயம் முழுவதும் நான் எழுதியது. மற்ற அத்தியாயங்களிலும் அங்கங்கே கை வைத்திருக்கிறேன். சேர் இன்னும் கவனிக்கவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம். எல்லாம் வீரம்மாவுக்காகத்தான். பெயரையோ புகழையோ நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சேர் வேண்டாம் என்ற விருதை என்ன செய்வது என்று குழு யோசிக்கக்கூடும் என்பதால் மட்டும் சொல்கிறேன். என் பெயர் த. அருந்ததி. சான்றிதழில் "தட்டச்சு" என்று ஒன்றும் போடவேண்டாம், "நாவலாசிரியர்" என்றால் போதும்.