ஏழு நீலமும் ஒரு மணல்திட்டும்

—மெதுவாடி லாந்தி, மெதுவா! பின்னால பேயா துரத்துது?

—நீ முன்னால உக்காந்துக்கிட்டு உத்தரவு போடாதண்ணே. இடுப்பு பிடிச்சிருக்குன்னுதானே மோட்டாரை என் கையில குடுத்த? இடுப்பை மட்டும் பாத்துக்க.

—இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு தங்கச்சி மோட்டாரைத் தொடுறா. பயம் இருக்காதா?

—எனக்குத்தான் பயம். வேற வழியில்லாம பிடிச்சிருக்கேன். ஆமா... நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்குற பரிட்சையில இந்த இடுப்போடவா அதிகாரி முன்னால ஓட்டப் போற? படகுல துறைமுக ஆபீஸ்காரனும் ஓட்டுறவனும் மட்டும்தான்னு நீதானே சொன்ன? முன்னால உக்காந்து இடதா வலதான்னு பலகையில தட்டிக் காட்ட நான் இருக்க மாட்டேனே.

—அதுக்குத்தானே இந்த ஒத்திகை. காயலை ஒரு சுத்து சுத்துவோம். நீ ஓட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு இடமா சொல்லிக்கிட்டே வரேன்.

—மூடினா என்ன, திறந்தா என்ன.

—அடிப்பாவி!

—சரி சரி... சிரிக்காத, படகு ஆடுது.

—ஆரம்பிக்கிறேன். சீமான்களே, சீமாட்டிகளே! கான்கூன்ல இருந்து பஸ்ல முதுகு உடைய வந்திருக்கீங்க. முதுகை மறந்துடுங்க. இதோ, இடப்பக்கம் பறவைத் தீவு!

—எப்படித் தெரிஞ்சுது?

—இதுக்குக் கண்ணு வேற வேணுமா? நாரை எச்சம் மூக்கைத் துளைக்குது.

—அதிகாரிகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காத.

—அடுத்து என்ன? நீ சொல்லு பாப்போம்.

—பரிட்சை உனக்கா எனக்கா?

—நான் மறந்துட்டேன்னு வச்சுக்கயேன்.

—தீவு பின்னால போனதும் இருநூறு எண்ணணும். அப்புறம் வலப்பக்கம் திரும்பினா கொள்ளைக்காரன் வாய்க்கால். மோட்டாரை நிறுத்திட்டு தங்கப் பெட்டிக் கதை. அது என்ன, போன மாசத்துல இருந்து ரெண்டு பெட்டி ஆயிடுச்சு?

—விலைவாசி ஏறுதுல்ல.

—அண்ணே... செவ்வாய்க்கிழமை எங்க போன?

—முடி வெட்ட.

—காலையில வாடகைக் கார்ல ஏறிப் போனவன் சாயங்காலம் வந்த. முடி அப்படியே இருக்கு.

—கடை மூடியிருந்துச்சு.

—மூடியிருக்கான்னு நாள் பூரா பாத்துக்கிட்டு நின்னியா?

—நான் எங்கடி பாத்தேன்?... நாணல் உரசுது, தலையைக் குனி. வாய்க்காலுக்குள்ள வந்துட்டோம். நேரா விடு... நேரா... ம், நல்லா விடுற.

—நைச்சியம் பண்ணாத.

—கால்ல குளிர் ஏறுது. மோட்டார் சத்தமும் கனமாயிடுச்சு. கருங்கிணறு! அடியில பள்ளம், பாதாளம் வரைக்கும். இங்கதான் ஜனங்க எழுந்து நிப்பாங்க. நான் கையை நீட்டி ஏழு நீலத்தையும் காட்டுவேன். கரையோரம் பால் நீலம், அதை ஒட்டி கிளிப்பச்சை கலந்த நீலம், அந்தாண்ட...

—நாளைக்கு அதைச் சொல்லாத.

—எதை?

—நீலத்தை.

—ஏழு நீலம் பாக்கத்தானேடி ஊர் உலகமெல்லாம் இங்க வருது? அதைச் சொல்லாம பெட்டிக் கதையையா சொல்லுறது?

—சொல்லாதன்னா சொல்லாத.

—ஏன்? இன்னிக்குக் காலையில கூட கேட்டேன். பளிங்கு மாதிரி நீலமா இருக்குன்னு சொன்ன.

—நீலமா இல்லைண்ணே. அந்தப் பெருமழைக்கு அப்புறம் இல்லை. மூணு வாரமா கோகோ கரைச்ச மாதிரி கிடக்கு. காட்டு மண்ணெல்லாம் இங்க வந்து சேந்துடுச்சு.

—ம்.

—போன வாரம் நீ கையை நீட்டி ஏழு நீலம்னு சொன்னப்ப ஜனங்க சிரிச்சாங்களே... வேடிக்கைக்காரன்னு நினைச்சு கைதட்டினாங்க. ஒரு அம்மா மட்டும் உன் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இறங்குறப்ப என் கையைப் பிடிச்சு அழுத்திட்டுப் போச்சு. நாளைக்கு வர்றவன் சிரிக்க மாட்டான்ணே. எழுதிக்கிட்டுப் போயிடுவான்.

—அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?

—எப்படிச் சொல்லுவேன்? இனிமே பார்வை திரும்பாதுன்னு மெரிதா ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரிச்ச அதே வாரம்தான் மழை. ரெண்டு வருஷமா மங்கி மங்கி, அந்த வாரம் எல்லாம் இருட்டு. மறுநாள் எழுந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, காயல் இன்னிக்கு என்ன நிறம்... என் வாய்ல நீலம்னு வந்துடுச்சு. அப்புறம் தினமும் நீலம்தான்.

—அழுறியா?

—இல்லை.

—அழாத. அழுதா முன்னால இருக்குறது தெரியாது. ஒரு படகுக்குக் கண்ணு தெரியாத ஆள் ஒருத்தன் போதும்.

—திட்டேன் என்னை. திட்டித் தொலையேன்.

—எதுக்குத் திட்டணும்? தண்ணில கையை வச்சா விரலிடுக்குல மண்ணு நிக்குது. நீலத் தண்ணில ஏதுடி மண்ணு?

—...தெரியுமா உனக்கு?

—மழை விட்ட அன்னிக்கே தெரியும்.

—தெரிஞ்சுக்கிட்டா ஏழு நீலம், ஏழு நீலம்னு கூவிக்கிட்டு இருந்த?

—நீ ஒருத்தி எனக்காக இம்மாம்பெரிய காயலை நீலமா வச்சிருந்த. அதைப் போய் நான் கலக்குவேனா?

—போண்ணே... மூணு வாரமா நான் உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பிழைச்சேன். நீ என்னடான்னா...

—சனிக்கிழமை குறுக்க ஒரு துடுப்புப் படகு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

—தட்டினேனே. நீயும் உடனே திருப்பிட்டியே.

—தட்டின. அந்த நேரம் பாத்து உனக்கு ஒரு தும்மல் வந்திருந்தா? அந்தத் துடுப்புப் படகுல இருந்த பொண்ணு சிரிச்சது என் காது பக்கத்துல கேட்டுச்சு. அவ்வளவு பக்கம்டி. பின்னால பதினொரு பேரு என்னை நம்பி உக்காந்திருந்தாங்க. பயந்துட்டேன். இந்தத் தண்ணில நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

—அதுக்காக? நாளைக்குப் போக மாட்டேன்னு சொல்லப் போறியா? படகு இல்லைன்னா நாம என்ன பண்ணுவோம்? நீ இந்தக் காயலை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்பியா? ரெண்டு நாள் தாங்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்னை?

—இப்ப எங்க இருக்கோம்?

—பேச்சை மாத்தாத.

—எங்கன்னு சொல்லுடி.

—நம்ம படகுத்துறை தெரியுது. சோளமாவுத் தமால் விக்கிறவ கூடையை இறக்கி வச்சுக்கிட்டு இருக்கா. போதுமா?

—அப்ப மணல்திட்டு?

—எந்த மணல்திட்டு?

—பதினாறு வயசுல நீ பாதிரியாரைக் கூட்டிக்கிட்டுப் போய் படகை மேல ஏத்தி நிறுத்தினியே, அது. பாவம் மனுஷன், அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணில தள்ளினாரு. இனி செத்தாலும் மோட்டாரைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே.

—ஐயையோ... அது... தாண்டிட்டோமா?

—அப்பவே. தண்ணி கலங்கி, அடி தெரியாம கிடக்கு. அழுதுக்கிட்டே, என்னைத் திட்டிக்கிட்டே சுத்தி வளைச்சு வந்துட்ட. உனக்கு யாரும் தட்டலை.

—நான் கவனிக்கவே இல்லையேண்ணே!

—உன் கை கவனிச்சுச்சு.

—...அண்ணே.

—ம்?

—உன் இடுப்புக்கு என்ன?

—இடுப்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு.

—செவ்வாய்க்கிழமை நீ எங்க போன?

—துறைமுக ஆபீஸுக்கு. என் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். நாளைக்கு வர்றவன் என்னைப் பாக்க வரலை. புது லைசென்ஸ் படிவத்துல பேரு லாந்தி பூத்னு எழுதியிருக்கு. மனசிருந்தா காலையில ஒரு கையெழுத்துப் போடு. தண்ணி என்ன நிறம்னு அவன் கேட்டா, உள்ளதைச் சொல்லு... எனக்கு மட்டும் நீலம்னே சொல்லு.