சிவப்பு அட்டை

ஒளியிழைக் கேபிளின் முனையைத் துடைப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். ஆல்கஹால் தொட்ட தாளால் ஒரு தடவை, காய்ந்த தாளால் ஒரு தடவை. பிறகு சிறிய நுண்ணோக்கியில் வைத்து, தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்பத்தொன்பதில் இந்தக் கண்ணாடி இழை வந்தது முதல் நான் அந்த வேலைக்கு மேற்பார்வையாளன்.

ரபேல் என் பிரிவில் தொழில்நுட்பராக இருந்தான். செந்தூலில் ரயில்வே குடும்பம், கத்தோலிக்கர். சுத்தமான வேலைக்காரன். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் என் மகள் புனிதவதி சாப்பாட்டு மேசையில், "அப்பா, நான் ரபேலைத்தான் கட்டப் போறன். பதிவுக்கு நாள் குடுத்தாச்சு" என்றாள்.

"நான் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும் அப்பா. அதாலதான் கேக்கேல்ல, சொல்லுறன்."

என் தகப்பனார் சைவக் கோயில் சபைக்குத் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் நான். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது. என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பதிவுக்குப் பதினொரு நாள் இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. முனையைப் பார்ப்பதற்கு முன், மூத்தவர் கேபிளின் மறுகோடிக்குத் தொலைபேசி செய்து, இழைக்குள் ஒளி அனுப்பும் லேசரை அணைக்கச் சொல்வார். அணைத்தாயிற்று என்று கேட்ட பிறகே சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். அட்டை தொங்கினால் மற்றவர் கேள்வி கேட்பதில்லை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, சுடவும் சுடாது; பார்த்த கண்ணை மட்டும் கெடுத்துவிடும். அதனால்தான் அட்டை.

பதிவுக்கு முந்திய வாரம் ஒரு நாள், கிள்ளான் தொலைபேசி நிலையத்தில் நானும் ரபேலும் மட்டும். அந்தத் தடத்தில் புதிதாகச் சக்தி கூடிய லேசர் போட்டிருந்தார்கள். நான் மறுகோடியை அழைக்காமலே அட்டையைத் தொங்கவிட்டேன். மறதி என்று பிறகு கம்பெனி விசாரணையில் எழுதிக்கொடுத்தேன். என் வயதைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

ரபேல் முனையைத் துடைத்துவிட்டு வலக்கண்ணை வைத்தான்.

"ஃபாதரோட அங்கி மாதிரி சுத்தம், அங்கிள்" என்று சிரித்தான்.

"ஓரத்தில கீறல் இருக்கும். வடிவாப் பார்" என்றேன்.

தேடினான். பிறகு தலையைத் தூக்கிக் கண்ணைக் கசக்கினான்.

"நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு, அங்கிள். எங்க பார்த்தாலும் கூடவே வருது லா."

அப்போது நான் கையை நீட்டி நுண்ணோக்கியை வாங்கியிருக்கலாம். இன்னொரு கண் மீதி இருந்தது. மறதி என்று நான் எழுதியது அதுவரைக்கும்தான் செல்லும்.

"களைப்பா இருக்கும், தம்பி. மற்றக் கண்ணால பார்" என்றேன்.

பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம்.

இப்போது அவனுக்கு ஓரங்களில் நிழல் மட்டும் தெரியுமாம். குறித்த நாளிலேயே பதிவு நடந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் புனிதவதி அவன் விரலைப் பிடித்து வைத்தாளாம். மாலைகளில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில், நம் ஆட்கள் எல்லோரும் பார்க்க, அவனைக் கைப்பிடித்து நடத்திப் போகிறாள். இன்று எதிரே நான் வந்தேன். அவள் ஏதோ சொல்ல, அவன் என் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், மனச விட்டுடாதீங்க. மறதி யாருக்கும் வரும் லா."

நேரே இங்கே வந்துவிட்டேன்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்று மட்டும்: காரணம் எழுதும் இடத்தில் என் மகளின் பெயரைப் போட வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு களங்கமும் வராமல் இதுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.