முப்பது நம்பர் க்ரீம்

நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவனுக்குக் குதிகால்தான் முதலில் போகும். எனக்கு மாசி பிறந்தாலே வெடித்துவிடும். உட்கார்ந்தே வாக்குமூலம் கொடுக்கிறேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

அருப்புக்கோட்டையில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பலசரக்கு, கூடவே பவுடர், ஸ்நோ, சோப்பு. எடையில் குறைத்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பரளச்சி முத்துத்தாய் தொண்ணூற்றிரண்டில் கடைக்கு வந்தாள். பிறவியிலேயே தோல் வெளுத்தவள். தலைமுடி, இமைகூட வெள்ளை. மிளகாய்ப் பழமும் பருத்தியும் எடுக்கப் போகிறவள். வெயில் தாங்காது என்று புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவாள். காலை பத்து மணிக்குள் வேலையை விட்டுக் கரையேறிவிடுவாள். அதனால் அரை ஆள் கூலிதான். மதுரை டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினாள். வெயிலுக்குப் பூசும் க்ரீம், முப்பது நம்பர். நம்பர் கூடக் கூட வெயிலைக் கூடுதலாகத் தடுக்குமாம். கம்பெனிச் சரக்கு நூற்றுப் பத்து ரூபாய். அவள் கையில் இருபத்தைந்து.

"அம்புட்டுக்கு எங்கிட்டுப் போவேன் அண்ணாச்சி? கொறஞ்ச வெலையில ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். ஸ்நோவும் வாசலினும் மொத்தமாக வாங்கி, பவுடர் சேர்த்து, பன்னீர் விட்டுப் பிசைந்தேன். தோலுக்குக் கெடுதல் எதுவும் அதில் இல்லை. லேபிளுக்குச் சிவகாசிக்குப் போனேன். அச்சாபீஸ் மொக்கையன் எனக்குப் பழக்கம்.

"நம்பரு பதினஞ்சு போடவா, முப்பது போடவா அண்ணாச்சி?"

"எதுக்குச் செலவு கூட?"

"ரெண்டுக்கும் ஒரே மைதான். நீங்க எம்புட்டு கேட்டாலும் போடுவேன்" என்று சிரித்தார்.

முப்பது போடச் சொன்னேன். சீட்டில் அதுதானே இருந்தது.

எரிச்சலாக இருக்கிறது ஐயா. ஆயிரம் லேபிள் அடித்தேன். இந்த நம்பரை யார் அளந்தது என்று ஒருவராவது கேட்டாரா? தராசுக்கு முத்திரை போட வருஷா வருஷம் ஆள் வருகிறார். எடைக்கல்லைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். பக்கத்து அலமாரியில் இருந்த டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முத்துத்தாய்க்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். சீட்டில் இருந்ததையும் டப்பாவில் இருந்ததையும் ஒத்துப் பார்த்தாள்.

"மத்தியானமும் நிக்கலாமா அண்ணாச்சி?"

"தாராளமா நில்லுத்தா."

அந்த வாரமே முழு ஆள் கூலிக்குப் போனாள். சட்டையையும் கழற்றிவிட்டாள். "பூசுனதெல்லாம் சட்டையில ஒட்டி வீணாப் போகுது" என்றாள்.

இரண்டு வருஷம் பூசினாள். பிறகு வலது காதின் மேல் ஒரு புண் வந்தது, ஆறவில்லை.

"எரியுதுண்ணாச்சி. சட்டையத் திரும்ப மாட்டிக்கிறட்டுமா?"

மாட்டிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போன இரண்டு வருஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய முழுக் கூலியும் போய்விடும், அதையும் யோசித்தேன். "ஒனக்கு முப்பது பத்தல" என்றேன். சிவகாசிக்குப் போய் ஐம்பது என்று லேபிள் அடித்து வந்தேன். சரக்கு அதேதான். விலையில் ஐந்து ரூபாய்தான் ஏற்றினேன்.

புற்று என்று மதுரையில் காதை எடுத்தார்கள். அப்புறம் கழுத்தில் கட்டி. புரட்டாசியில் அவள் புருஷன் பால்ச்சாமி வந்தான்.

"அம்பதுக்கு மேல நம்பரு இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னா. எந்திரிச்சதும் காட்டுக்குப் போகணுமாம்."

"எழுபத்தஞ்சு இருக்கு. வர ஒரு வாரம் ஆகும்" என்றேன். முப்பது ரூபாயை முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போனான். லேபிள் அச்சாகி வந்த அன்று முத்துத்தாய் செத்துப்போனாள்.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் கடைசியில் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: முத்துத்தாய்க்கு நான் தர வேண்டிய பாக்கி, எழுபத்தைந்து நம்பர் க்ரீம் ஒரு டப்பா.