குகைக்குள் விளக்கணைத்தபோது

அக்கா: உன்ன யாரு குகைக்குள்ள வரச் சொன்னா?

தங்கை: யாரும் சொல்லலைக்கா. நானேதான் வந்தேன்.

அக்கா: குழந்தைய யார்கிட்ட விட்ட?

தங்கை: வாசல்ல டிக்கெட் குடுக்குற அம்மாகிட்ட. நல்லா தூங்குறான். நான் பாத்துக்கறேன், நீ ஓடிப் போய்ப் பாத்துட்டு வான்னு அவங்களே...

அக்கா: முன்னப்பின்ன தெரியாதவ கையில என் புள்ளையக் குடுத்துட்டுக் கல்லு பாக்க வந்துட்டா மகாராணி. என்னன்னு கேளுங்களேன் இவள.

அத்தான்: விடு. மூணு டிக்கெட்டு கிழிச்சுப் போடவா எடுத்தேன்? இருட்டுன்னா அவ நடுங்குவா, வரமாட்டான்னு நீதான சொன்ன.

தங்கை: நானா? எப்பக்கா சொன்னேன் அப்படி?

அக்கா: ஆரம்பிச்சிட்டியா...

அத்தான்: சரி, நீ எங்க நின்ன? என் கண்ணுல படவே இல்லையே.

தங்கை: எப்படிப் படும்? எல்லாருக்கும் ஒரே மஞ்சக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே கையுறை. பெரிய மண்டபத்துலதான் உங்க கூட்டத்தப் பிடிச்சேன். அங்க கீழ தண்ணி அசையாம கெடந்துச்சா... மேல தொங்குற கல்லு அத்தனையும் அதுல தெரிஞ்சு, ரெண்டு மண்டபம்னே நெனச்சுட்டேன். ஒரே ஒரு சொட்டு விழுந்துச்சு அத்தான். கீழ இருந்த மண்டபம் மொத்தமும் ஆடிப் போச்சு.

அத்தான்: அட. நான் எங்க அதையெல்லாம் பாத்தேன்... வழுக்கி விழக்கூடாதேன்னு காலையே பாத்துட்டு வந்தேன்.

அக்கா: நல்லா மெச்சிக்கோங்க. இப்படிப் பராக்கு பாத்துட்டு நின்னா, புள்ள ஒரு நாள் கட்டில்ல இருந்து விழுவான்.

தங்கை: இத்தன நாள்ல ஒரு தடவ விழ விட்டிருக்கேனா?

அக்கா: எதித்துப் பேசாத.

தங்கை: பேசலை... ஒண்ணே ஒண்ணு கேக்கவா? பள்ளிக்கூடத்துல இருந்து எதாவது சேதி வந்துச்சா?

அக்கா: வந்த இடத்துல கேக்குற கேள்வியா இது?

தங்கை: வீட்டுல கேட்டா வேல இருக்குன்னு சொல்ற. உன் பிரசவத்துக்குத்தான பத்தாவத பாதியில விட்டேன். திரும்பச் சேத்துக்கங்கன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன். வந்துச்சா, வரலையா?

அக்கா: வரலை. போதுமா?

அத்தான்: வந்திருந்தா சொல்ல மாட்டாளா? நானும்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன்.

அக்கா: அப்படிச் சொல்லுங்க அவளுக்கு.

தங்கை: போன்கூட வரலையாக்கா?

அக்கா: வரலைன்னா வரலை. புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணணுமா?

தங்கை: வேணாம். அவனை இதுல இழுக்காத.

அத்தான்: ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சுத்திக் காட்டுன ஆளு எல்லா விளக்கையும் அணைச்சானே, அதுல பயந்துட்டியா? எனக்கே என் கை தெரியலை.

தங்கை: பயமெல்லாம் இல்ல அத்தான். அந்த இருட்டுல அக்கா உங்க கையப் பிடிச்சு, காதுல ஒண்ணு சொன்னாளே... நீங்க என்ன பதில் சொன்னீங்க?

அத்தான்: என்கிட்டயா? நான் எங்கயோ பின்னால பாறையக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அக்கா: ...நீங்கதான என் கைய அழுத்துனீங்க?

அத்தான்: நான் இல்லையேம்மா.

தங்கை: "பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சுங்க. அடுத்த வாரமே வரச் சொன்னாங்க. அவளுக்கு இஷ்டமில்லைன்னு நானே சொல்லி முடிச்சுட்டேன். அவ போயிட்டா புள்ளைய யாரு பாப்பா? கேட்டா நீங்களும் வரலைன்னே சொல்லிடுங்க..." நான்தான்க்கா அழுத்தினேன். கத்திடக் கூடாதேன்னு.

அத்தான்: என்னது? இவ்வளவு நேரம் என்னையும் சேத்து சாட்சிக்கு நிக்க வெச்சிருக்கியா? ஏய்... எங்க போற? உன்னத்தான். பதில் சொல்லிட்டுப் போ.

தங்கை: விடுங்க அத்தான், போகட்டும். புள்ள முழிச்சிருப்பான். இனிமே அக்காதான போகணும்.