இடது பெருவிரல்

இறைச்சி வேகாவிட்டால் குழம்பில் ஒரு துண்டு பப்பாளிக்காயைப் போடுவது நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். உங்கள் அம்மாவும் போட்டிருப்பார்கள், டாக்டர். பழுத்ததைப் போட்டால் வேலைக்கு ஆகாது. பால் காயில்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. மற்ற விரல்கள் எல்லாம் நன்றாக இருக்க, ஜக்கம்மாவின் இடது பெருவிரல் மட்டும் ஏன் இப்படி அரித்துப் போயிருக்கிறது என்று கேட்டீர்கள். வேறு டாக்டராக இருந்தால் எழுந்து போயிருப்பேன். நீங்கள் ஜவுளிக்கடை ஏசுதாசன் மகன். நம் சபைப் பிள்ளை. குடும்பத்துப் பேர் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜெயமங்கலத்தில் எனக்குப் பப்பாளித் தோட்டம். காயை மரத்திலேயே லேசாகக் கீறி, வடிகிற பாலைத் தட்டில் பிடித்து, பழனிசெட்டிபட்டிக் கொட்டகையில் உலர்த்திப் பொடியாக்கி பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு அனுப்புகிறோம். எழுபத்திரண்டில் அந்தக் கம்பெனியின் கெமிஸ்ட் வந்திருந்தார். பாலில் இருப்பது ஒரு என்சைம் என்றார். புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரியாம். இந்த என்சைம் கண்ட இடத்தில் அறுக்காது. அதன் உடம்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. தனக்குப் பொருந்துகிற மணி வந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் அதற்குப் பக்கத்தில் அறுக்கும். நகத்தையும் முடியையும் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் தோலை ஒட்டவைத்திருக்கும் புரதத்தை விடாது, ஆட்களுக்குக் கையுறை கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தன் இடம் தெரிந்து நடக்கிற ஒரு பொருள். மனிதர்களில் அது குறைவு.

என் தம்பி பொன்னுராஜுக்கு அது இல்லை. ஏலக்காய் லாரி ஓட்டியவன், கடமலைக்குண்டில் கூலி வேலை பார்த்த ராக்கப்பனின் மகள் ஜக்கம்மாவைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் சபையில் மூன்று தலைமுறையாக முன்வரிசையில் உட்காருகிறவர்கள். ஒருநாள் போடிமெட்டு இறக்கத்தில் லாரி உருண்டது. கல்யாணத்துக்குச் சாட்சி போட்ட நண்பர்களும் அதே லாரியில் இருந்தவர்கள். யாரும் பிழைக்கவில்லை. தம்பியை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவளை உள்ளே விடவில்லை.

பிறகு அவள் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தான், சொத்து சொகம் ஒண்ணும் வேணாம். நான் அவுக பொண்டாட்டின்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்."

சொத்தைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"பதிவாபீசுல கைநாட்டு வச்சிருக்கேன்ல." இடது பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "என் பேரு ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். இந்த ரேகை எனக்கு மட்டுந்தேனாம். அவுகதேன் சொன்னாக."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த விரலை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

சபையில் பேசுகிறேன், பொறு என்று சொல்லிக் கொட்டகையில் வேலை கொடுத்தேன். பால் பதம் பார்க்கிற வேலை. அப்படி ஒரு வேலை எந்தக் கொட்டகையிலும் கிடையாது. அவளுக்காக நான் உண்டாக்கியது. ஒவ்வொரு தட்டிலும் இடது பெருவிரலை அழுத்தித் தேய்த்து, பிசுபிசுப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கையுறை போட்டால் பதம் தெரியாது என்றேன். சோறு தின்கிற கை கெட்டுவிடும், வலது கையை வைக்காதே என்றும் சொன்னேன். அந்தக் கரிசனத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாங்க தட்டு சுமந்து இடுப்பு ஒடியிறோம், நீ கட்டைவிரலை வச்சே காலத்தை ஓட்டுற ஆத்தா," என்பாள் உடன் வேலை பார்க்கும் சாராள்.

"என் விரலுக்குத்தேன் பதம் தெரியும்னு மொதலாளி சொல்லிருக்காக. ஒன் விரலுக்குத் தெரியுமாடி?"

பெருமையாகத்தான் சொல்வாள். கொட்டகையில் என்னை அத்தான் என்று கூப்பிடுவதையும் அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

முதலில் தோல் சிவந்தது. பிறகு உரிந்தது. பிறகு வழுவழுப்பானது. எரிகிறது என்றால் தேங்காய் எண்ணெய் கொடுப்பேன், ஆறிவிடாத அளவுக்கு. அவ்வப்போது நானே விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முதலாளிக்கு எவ்வளவு அக்கறை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரேகை முழுவதும் போன பிறகுதான், சபையில் பேச முடியாது, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ என்றேன். போனாள். வழக்கு வேறு, வேலை வேறு, நீ வந்து வேலையைப் பார் என்றேன். அதற்கும் என்னைக் கும்பிட்டாள்.

பதிவில் இருப்பவள் வேறொரு ஜக்கம்மா என்றார் எங்கள் வக்கீல். மெட்ராஸிலிருந்து வந்த நிபுணர் அவள் விரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. துடைத்து மறுபடி அழுத்தினார். மறுபடியும் வட்டம்தான்.

"அய்யா, இன்னுங் கொஞ்சம் அமுக்கி வைக்கட்டா?" என்று கேட்டாள்.

வழக்கு தள்ளுபடியானது. அங்கே யாரும் விரலைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பிறகு அவள் உங்களிடம் விரலைக் காட்டியிருக்கிறாள். மேல்தோல்தான் போயிருக்கிறது, பாலில் கை வைக்காமல் இருந்தால் ரேகை திரும்ப வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நேரே என்னிடம்தான் ஓடி வந்தாள். "மொதலாளி, ரேகை பழையபடி வந்துருமாம். மதுரையில அப்பீலு போடப் போறேன்." எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். நல்லது, அதுவரை விரலைப் பத்திரமாகக் கட்டி வைக்கலாம் என்றேன். கழுவாத தட்டில் அழுகிக் கிடந்த பாலின் வண்டலை மருந்தென்று சொல்லி அப்பி, நானே துணி சுற்றினேன். அவிழ்க்காதே என்றேன். அவிழ்க்கவில்லை.

இப்போது வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறாள். ஊசி போட்டு விரலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. விரலைவிட உயிர் பெரிது. செலவு என் பொறுப்பு. என்னிடம் வேலை பார்ப்பவள், அதைத் தவிர அவளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒன்றுமில்லை.

முதலாளி சொன்னால் போதாது, பெற்றவர்களோ புருஷன் வீட்டாரோ சொன்னால்தான் கத்தியைத் தொடுவேன் என்கிறீர்கள். ராக்கப்பனும் அவன் பெண்டாட்டியும் வழக்குக்கு முன்பே செத்துப்போய்விட்டார்கள். வேறு ஆள் கிடையாது. சரி, டாக்டர். வெளியே நிற்கிற நர்சம்மாவை உள்ளே கூப்பிடுங்கள், அவரும் கேட்டுக்கொள்ளட்டும். இவள் என் தம்பி பொன்னுராஜின் பெண்டாட்டி. இவள் புருஷனுக்கு மூத்தவன் நான் சொல்கிறேன், விரலை எடுத்துவிடுங்கள்.